உயிர் ஏன் இடது அமினோ அமிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டது?

பென்னு என்ற சிறுகோளிலிருந்து ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பரில் பூமியில் இறக்கிய மண்ணும் கல்லும் மொத்தம் 121.6 கிராம். அதைச் சோதித்த முடிவுகள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. நம் உடல் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் எழுத்துகளாக வேண்டிய ஐந்து காரங்களும் இருந்தன. செய்தித் தலைப்புகள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் முடிவுகளில் இன்னொன்றும் இருந்தது: அந்த அமினோ அமிலங்களில் இடது வடிவமும் வலது வடிவமும் ஏறக்குறைய சரிபாதி. உயிரின் தொடக்கத்தை ஆராய்பவர்களை நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான்.

அதற்குச் சற்று முன்பு, 2024 டிசம்பரில், 38 அறிவியலாளர்கள் சேர்ந்து 'ஆடி உயிர்' (மூலக்கூறுகள் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிய உயிர்) என்ற ஒன்றை யாரும் உருவாக்க வேண்டாம் என்று 'சயின்ஸ்' இதழில் எச்சரித்திருந்தார்கள். இரண்டு செய்திகளுக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது.

அதற்குள் போகும் முன் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பல கட்டுரைகளில் இவை ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

1. உயிர் ஏன் ஒரே பக்கத்து அமினோ அமிலங்களை மட்டும் வைத்துக் கட்டுகிறது?
2. அந்தப் பக்கம் ஏன் இடதாக இருக்கிறது?

முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு இன்றுவரை இல்லை. என் கணிப்பில் அது வெறும் தற்செயலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வலம்புரியும் இடம்புரியும்

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக அபூர்வம். ஓட்டின் சுண்ணாம்பு ஒன்றுதான், உள்ளே வாழும் உயிரினமும் ஒன்றுதான். புரி மட்டும் எதிர்ப்பக்கம். ஒன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் மற்றொன்றாகாது. கண்ணாடியில் காட்டினால்தான் ஆகும்.

மூலக்கூறுகளிலும் இது உண்டு. ஒரு கார்பன் அணுவில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால் அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றொன்றின் ஆடி பிம்பம். இதற்குப் பெயர் கைரல் தன்மை. கிரேக்க மொழியில் 'கெய்ர்' என்றால் கை. நம் இரு கைகளும் இப்படித்தானே இருக்கின்றன. அமினோ அமிலத்தின் நடுக் கார்பனில் அமினோ தொகுதி, கார்பாக்சில் தொகுதி, ஹைட்ரஜன், பக்கச் சங்கிலி என நான்கு உண்டு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம். கிளைசின் மட்டும் விலக்கு: அதன் பக்கச் சங்கிலியும் ஹைட்ரஜனே என்பதால் இடம் வலம் என்ற பேச்சே இல்லை.

வேதியியலார் இவற்றை எல், டி என்று குறிப்பார்கள். எல் இடது, டி வலது. இது அடுக்கின் பெயர் மட்டுமே. கரைசல் ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பது வேறு கணக்கு. எல் வகை அமிலங்கள் சில ஒளியை வலப்பக்கமும் திருப்பும்.

இதை முதலில் கையால் பிரித்துப் பார்த்தவர் லூயி பாஸ்டர். நம் புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம்தான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1848-இல் அதன் சோடியம் அம்மோனியம் உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரண்டு வகை இருப்பதைக் கண்டார். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை ஒரு பக்கம் திருப்பியது, மற்றது எதிர்ப்பக்கம். இரண்டையும் சம அளவில் கலந்தால் திருப்பமே இல்லை. அப்படிப்பட்ட சரிபாதிக் கலவைக்குச் சுழிமாய்க் கலவை என்று பெயர். பென்னுவில் கிடைத்தது இதுதான். 1953-இல் ஸ்டான்லி மில்லர் கண்ணாடிக் குடுவையில் வாயுக்களுக்குள் மின்பொறி பாய்ச்சிப் பெற்றதும் இதுதான். உயிர் தலையிடாத வேதிவினை பொதுவாகச் சரிபாதிதான் தரும்.

கலந்து கட்டினால் என்ன ஆகும்?

வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வலது மரை, அசிட்டிலினுக்கு இடது மரை. மாற்றிப் பூட்ட முடியாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே போல்ட்டில் பாதி மரை வலதும் பாதி மரை இடதுமாக வெட்டினால் அதில் எந்த நட்டும் ஏறாது. புரதத்தின் நிலையும் அதுவே. புரதச் சங்கிலி வேலை செய்ய வேண்டுமானால் குறிப்பிட்ட வடிவத்தில் மடிய வேண்டும். அந்த மடிப்புகளில் முக்கியமானது ஆல்பா சுருள் எனும் வலது மரை. இடது அமிலங்களே தொடர்ந்து வந்தால் அது சீராகச் சுருளும். நடுவில் வலது அமிலம் புகுந்தால் அந்த இடத்தில் சுருள் நிலைகுலையும்.

இதற்கான வடிவக் கணக்கு சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரத முதுகெலும்பின் இரண்டு திருப்புக் கோணங்களில் எந்தெந்தச் சேர்க்கை சாத்தியம், எது அணுக்கள் மோதிக்கொள்வதால் முடியாது என்று காட்டியது. இன்று உலகில் எந்தப் புரத வடிவத்தை வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இடது அமிலங்களுக்கு அந்தப் படத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் இடப்பக்கம் குவிந்திருக்கும். வலது அமிலங்களுக்கு அதே படத்தை மையத்தைச் சுற்றி அரைச்சுற்றுத் திருப்பிவிட வேண்டும். கிளைசினுக்கு இரு பக்கமும் சமம். கைரல் தன்மை என்ற ஒன்று புரதத்தின் உடலமைப்பையே எப்படி ஆள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். 100 கைரல் அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தில் ஒவ்வோர் இடத்திலும் இடதோ வலதோ வரலாம் என்றால், 2-ஐ 100 முறை பெருக்கிய அளவு வடிவங்கள் வரும். அது 31 இலக்க எண். அதில் எல்லாம் இடதாக அமைந்தது ஒன்றே ஒன்று. பக்கம் கலந்திருந்தால் ஒரே வரிசையை இரண்டு முறை கட்டினாலும் ஒரே புரதம் கிடைக்காது. முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்திவிடலாம். 'உயிரினங்களில் வலது அமினோ அமிலமே கிடையாது' என்று பள்ளியில் படித்தவர்கள் பலர். பாக்டீரியாவின் செல்சுவரில் வலது அலனின் உண்டு. வான்கோமைசின் மருந்து பிடித்துத் தாக்குவது அதைத்தான். நம் மூளையில் வலது செரின் நரம்புச் செய்தி கடத்த உதவுகிறது. ஆனால் இவை செல்லில் புரதம் கட்டும் பொறியான ரைபோசோமின் வழியாக வருவதில்லை, தனி நொதிகள் செய்கின்றன. இடது மட்டும் என்ற விதி, மரபுக் குறியீட்டின்படி கட்டப்படும் புரதங்களுக்கு உரியது.

முதல் சாய்வு எங்கிருந்து?

சரிபாதியில் தொடங்கிய உலகில் ஏதோ ஒன்று தராசைத் தட்டியிருக்க வேண்டும். முன்வைக்கப்பட்டவை:

1. இயற்பியலின் சாய்வு. அணுக்கருச் சிதைவுக்குக் காரணமான வலுவற்ற விசை இடம் வலம் பார்க்கும் என்று லீயும் யாங்கும் 1956-இல் கணித்தார்கள். வூ சியென்-ஷியுங் சோதனையில் காட்டினார். இதனால் இடது, வலது மூலக்கூறுகளின் ஆற்றலில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். ஆனால் அது வெப்ப அசைவோடு ஒப்பிட்டால் கோடி கோடியில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண தற்செயல் ஏற்ற இறக்கமே அதை மூழ்கடித்துவிடும்.

2. சுழலும் ஒளி. திருகுபோல் சுழன்று செல்லும், அதாவது வட்டமுனைவுற்ற, புற ஊதா ஒளி ஒரு வடிவத்தை மற்றதைவிடச் சற்று அதிகமாகச் சிதைக்கும். ஓரியன் நெபுலாவில் நட்சத்திரங்கள் பிறக்கும் பகுதியில், அகச்சிவப்பு ஒளியில் 17 சதவீதம் வரை வட்டமுனைவு இருப்பதை 1998-இல் கண்டார்கள். சூரியனும் அப்படி ஓரிடத்தில் பிறந்திருந்தால், விண்கற்களில் சாய்வு ஏறியிருக்கலாம்.

3. காந்தப் பரப்பு. கைரல் மூலக்கூறு வழியாகப் போகும் எலக்ட்ரான்கள் தங்கள் சுழற்சியின்படி வடிகட்டப்படுகின்றன என்பது இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் நாமன் குழு வளர்த்தெடுத்த கண்டுபிடிப்பு. அதை வைத்து ஹார்வர்டில் ஃபுர்கான் ஓஸ்துர்க், திமிதார் சாசலோவ் குழு 2023-இல் ஒரு சோதனை செய்தது. ஆர்.என்.ஏ.வுக்கு முன்னோடியான ஒரு மூலக்கூறின் சரிபாதிக் கரைசலைக் காந்தமேற்றிய மேக்னடைட் பரப்பில் படிகமாக்கியபோது ஒரே பக்கத்துப் படிகங்கள் கிடைத்தன. காந்தத்தின் திசையை மாற்றினால் பக்கமும் மாறியது. மேக்னடைட் பழைய ஏரிப் படிவுகளில் சாதாரணமாக இருக்கக்கூடிய கனிமம். தூரத்து நட்சத்திரத்தை நம்பாமல் தரையிலேயே காரணம் தேடுவதால் இந்த வழி எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது.

4. வெறும் தற்செயல். எந்தச் சரிபாதிக் கலவையும் துல்லியமாகச் சரிபாதி இல்லை. காசைப் பல முறை சுண்டினால் தலையும் பூவும் ஒரு சில வித்தியாசத்தில்தானே வரும்.

இரண்டாவது வழிக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது 1969 செப்டம்பர் 28-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல். அதில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலத்தில் இடது வடிவம் 18 சதவீதம் வரை மிகுந்திருந்தது. ஐசோவாலின் பூமி உயிரினங்களில் மிக அரிது. ஆகவே தரையில் பட்டு மாசுபட்டதாகச் சொல்வது கடினம். இடது சாய்வு விண்வெளியிலிருந்தே வந்தது என்று பலரும் நினைக்க இது இடம் கொடுத்தது. பென்னுவின் மாதிரி காற்றும் நீரும் படாமல் மூடிய பெட்டகத்தில் வந்தது. அதில் சாய்வு இல்லை. ஒரு சிறுகோள் எல்லாச் சிறுகோள்களுக்கும் சாட்சி ஆகாது. ஆனாலும் விண்கல்தான் நமக்கு இடதைத் தந்தது என்ற வாதம் இப்போது பலவீனப்பட்டிருக்கிறது.

சிறு சாய்வு முழுச் சாய்வாவது

18 சதவீதமோ 1 சதவீதமோ, தானாக 100 ஆகிவிடாது. இன்னும் மோசமாக, நீரில் கிடக்கும் அமினோ அமிலங்கள் மெல்ல மெல்லப் பக்கம் மாறிச் சரிபாதிக்கே திரும்பும். பல்லின் உட்பகுதியில் அஸ்பார்டிக் அமிலம் எவ்வளவு பக்கம் மாறியிருக்கிறது என்று பார்த்து இறந்தவரின் வயதைத் தடயவியலார் கணிப்பது இதை வைத்துத்தான். ஆகவே கரைவதைவிட வேகமாகச் சாய்வைப் பெருக்கும் ஒரு வழி வேண்டும்.

பிரிஸ்டலில் இருந்த சார்லஸ் ஃபிராங்க் 1953-இல் கணக்காகவே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வடிவமும் தன் படியைத் தானே உண்டாக்க உதவ வேண்டும். எதிர் வடிவத்தோடு சேர்ந்தால் இரண்டும் செயலிழக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும். ஒன்றுக்கொன்று அழித்துக்கொண்டே போகும்போது, தொடக்கத்தில் ஒரு துளி அதிகமாக இருந்த பக்கமே எஞ்சும்.

காகிதத்தில் இருந்த இது ஆய்வகத்துக்கு வர 42 ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் கென்சோ சோவாய் 1995-இல் அப்படியே நடக்கும் ஒரு வினையைக் காட்டினார். ஆனால் அது துத்தநாகச் சேர்மமும் நீரில்லாத கரைப்பானும் கேட்கும் வினை. ஆதி பூமிக்குப் பொருந்தாது. 2005-இல் கிறிஸ்டோபால் வியட்மா சோடியம் குளோரேட் படிகங்களைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் கலக்கி அரைத்துக்கொண்டே இருந்தார். சரிபாதியாகத் தொடங்கியவை முழுக்க ஒரே பக்கமாக முடிந்தன. சிறு படிகங்கள் கரைந்து பெரியவற்றில் சேரும்போது சிறுபான்மைப் பக்கம் தேய்ந்து மறைகிறது. அலை புரட்டும் கரையில் இயற்கையாகவே நடக்கக்கூடியது இது. பிறகு அமினோ அமிலப் படிகங்களிலும் இது நடப்பதைக் காட்டினார்கள்.

கவனியுங்கள்: இந்த எல்லா வழிகளிலும் எந்தப் பக்கம் வெல்லும் என்பது தொடக்கத் தட்டலைப் பொறுத்தது. பெருக்கும் பொறி இடம் வலம் பார்ப்பதில்லை. பக்கத்தைத் தீர்மானித்தது தற்செயல் என்று நான் சாய்வது இதனால்தான்.

ஆர்.என்.ஏ. தேர்ந்தெடுத்ததா?

உயிரின் சர்க்கரை (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. சங்கிலியில் இருப்பது) வலது, அமினோ அமிலம் இடது. இரண்டும் தொடர்புள்ளவையா? புரதங்களுக்கு முன்பே ஆர்.என்.ஏ. வினைகளை நடத்தியது என்ற கருத்துக்கு வலுவான ஆதாரம் ரைபோசோம்: அதில் அமிலங்களை இணைக்கும் மையம் ஆர்.என்.ஏ.வால் ஆனது. ரைபோசோமின் வடிவத்துக்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அப்படியானால் வலது சர்க்கரை ஆர்.என்.ஏ.வே இடது அமிலத்தைத் தேர்ந்திருக்கலாமே?

2004-இல் தமுராவும் ஷிம்மலும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வில் அமிலத்தை ஏற்றிப் பார்த்தபோது, இடது வடிவம் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் முந்தியது. சர்க்கரையின் பக்கத்தை மாற்றியபோது முந்துவதும் மாறியது. எல்லோரும் மகிழ்ந்த முடிவு அது. 2024-இல் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் குழு வினைகளை நடத்தும் ஆர்.என்.ஏ.க்களான ரைபோசைம்களின் 15 சேர்க்கைகளை வைத்துச் சோதித்தது. சிலவற்றுக்கு இடது பிடித்தது, சிலவற்றுக்கு வலது. ஆர்.என்.ஏ.வுக்குப் பொதுவான இடது விருப்பம் எதுவும் தெரியவில்லை.

குறியீடு பூட்டு போட்டது

மரபுக் குறியீடு என்பது ஒரு மொழிபெயர்ப்பு அட்டவணை. மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.வில் மூன்று மூன்று எழுத்துகளாக வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் கோடான் என்று பெயர். நான்கு எழுத்து, மூன்று இடம். மொத்தம் 64 கோடான்கள். 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், 3 நிறுத்தற்குறிகள். 1961-இல் நீரன்பர்க்கும் மத்தேயும் யு.யு.யு. என்றால் ஃபினைல்அலனின் என்று முதல் சொல்லை வாசித்தார்கள். ஹர் கோபிந்த் கொரானா உள்ளிட்டோரின் உழைப்பில் சில ஆண்டுகளில் அட்டவணை நிரம்பியது.

இந்த அட்டவணை எந்த நூலிலும் எழுதி வைக்கப்பட்டதல்ல. அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வில் சரியான அமிலத்தை ஏற்றிவிடும் நொதிகளில்தான் அது இருக்கிறது. எந்தக் கோடானுக்கு எந்த அமிலம் என்பதும், எந்தப் பக்கத்து அமிலம் என்பதும் ஒரே வாசலில் தீர்மானமாகின்றன. குறியீடு, பக்கம் என்ற இரண்டு தலைப்புகளையும் சேர்த்துப் பேச வேண்டியதற்குக் காரணம் இது.

அந்த வாசலிலும் தவறு நடக்கும். டைரோசினை ஏற்றும் நொதி சில நேரம் வலது டைரோசினையும் ஏற்றிவிடும். அதற்கு இரண்டாவது காவலாக டி.டி.டி. என்ற நொதி உண்டு. தவறாக ஏறிய வலது அமிலத்தைக் கழற்றிவிடுவது அதன் வேலை. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ராஜன் சங்கரநாராயணன் குழு அது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்தது. அந்த நொதி வலது அமிலத்தை அடையாளம் கண்டு பிடிப்பதில்லை. இடது அமிலம் உள்ளே வர முடியாதபடி அதன் வாய் அமைந்திருக்கிறது, மற்றதெல்லாம் கழற்றப்படும். பக்கமே இல்லாத கிளைசினும் சில நேரம் அதில் மாட்டிக்கொள்கிறது. உயிர் இன்றும் ஒவ்வொரு நொடியும் இடது விதியைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

உறைந்ததா, நகர்கிறதா?

1968-இல் ஃபிரான்சிஸ் கிரிக், குறியீடு 'உறைந்த தற்செயல்' என்றார். ஒரு கோடானின் பொருளை மாற்றினால் அது வரும் எல்லாப் புரதமும் ஒரே நேரத்தில் கெடும். ஆகவே மாற முடியாது. பட்டறை முழுக்க வலது மரைக் கருவி வாங்கி வைத்தபின் இடதுக்கு மாற முடியாததைப் போல. பெரும்பாலும் சரி. ஆனால் முழுக்கச் சரியில்லை:

- குறியீடு வளர்ந்து வந்தது. அரிசோனா பல்கலைக்கழகக் குழு 2024-இல் எல்லா உயிர்களின் பொது மூதாதையின் புரதப் பகுதிகளை ஒப்பிட்டு, சிறிய அமிலங்கள் முதலில் சேர்ந்தன என்றும், உலோகத்தைப் பிடிக்கும் சிஸ்டைன், ஹிஸ்டிடின் ஆகியவை முன்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தன என்றும் சொன்னது.
- அடுக்கு தற்செயலாகத் தெரியவில்லை. ஓர் எழுத்து தவறினாலும் பெரும்பாலும் குணத்தில் நெருங்கிய அமிலமே வரும். ஃப்ரீலேண்டும் ஹர்ஸ்ட்டும் 1998-இல் கணினியில் பத்து லட்சம் சீரற்ற குறியீடுகளை உண்டாக்கி ஒப்பிட்டபோது, பிழை தாங்குவதில் நம்முடையதை மிஞ்சியது ஒன்றே.
- விதிவிலக்குகள் உண்டு. யு.ஜி.ஏ. பொதுவாக நிறுத்தற்குறி, நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபன். 1979-இல் இது தெரிந்தது. கேண்டிடா வகைப் பூஞ்சைகள் சிலவற்றில் சி.யு.ஜி. என்பது லூசின் அல்ல, செரின். சில உயிர்களில் யு.ஜி.ஏ. செலினோசிஸ்டைன் என்ற 21-ஆவது அமிலத்தையும், யு.ஏ.ஜி. பைரோலைசின் என்ற 22-ஆவதையும் தரும்.
- மனிதர்களும் மாற்றிவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழு 2019-இல் ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியில் 18,214 இடங்களைத் திருத்தி, 61 கோடான்களோடு வாழவைத்தது. 2025-இல் 57 ஆகக் குறைத்தது.

ஆக, சொற்களின் பொருள் மாறியிருக்கிறது, புதுச் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இயற்கையில் நமக்குத் தெரிந்த எந்தக் குறியீட்டு மாற்றத்திலும் வலது அமிலம் உள்ளே வரவில்லை. ஒரு கோடானை மாற்றினால் அந்தச் சொல் வரும் இடங்கள்தான் பாதிக்கப்படும். பக்கத்தை மாற்றினால் நொதிகளின் வடிவம், ரைபோசோமின் பள்ளம், உணவைச் செரிக்கும் விதம் எல்லாம் ஒரே நேரத்தில் மாற வேண்டும். படிப்படியாக அதைச் செய்ய வழியில்லை.

ஆடி உயிர் பற்றிய எச்சரிக்கை

படிப்படியாக முடியாததை மொத்தமாகச் செய்தால்? வலது அமிலங்களும் இடது சர்க்கரையும் கொண்ட ஒரு பாக்டீரியாவை அடியிலிருந்து கட்டுவதுதான் ஆடி உயிர். சீனாவின் வெஸ்ட்லேக் பல்கலைக்கழகத்தில் டிங் ஜூ குழு ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் பெரிய நொதி ஒன்றை ஆடி வடிவில் ஏற்கெனவே செய்துவிட்டது. முழுச் செல் இன்னும் வெகுதூரம். எச்சரித்தவர்கள் கவலைப்படுவது இதற்காக:

1. நம் நோயெதிர்ப்பு மண்டலம் கிருமியின் புரதத்தை நறுக்கி அடையாளம் காண்கிறது. ஆடிப் புரதத்தை நம் நொதிகளால் நறுக்க முடியாது.
2. பாக்டீரியாவை உண்ணும் வைரஸ்களால் அதைத் தொற்ற முடியாது.
3. அதற்கு உணவு கிடைக்காமல் போகும் என்றும் சொல்ல முடியாது. கிளைசின், கிளிசரால் போன்ற பக்கமில்லாத சத்துகள் எங்கும் உண்டு.

 ஆடிச் செல்லை நோக்கி வேலை செய்துகொண்டிருந்த மின்னசோட்டாவின் கேட் அடமாலாவும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அந்தத் துறையில் இருப்பவர்களே நிறுத்தச் சொல்வதால் இதை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன். தனித்தனி ஆடி மூலக்கூறுகளை மருந்தாகப் பயன்படுத்துவதை அவர்கள் எதிர்க்கவில்லை. உடலில் சீக்கிரம் சிதையாத மருந்துக்கு அவை நல்ல வழி. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம்.

செவ்வாயில் எதைத் தேடுவார்கள்?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2028-இல் புறப்படும்படி திட்டமிடப்பட்டிருக்கிறது. அது செவ்வாயில் 2 மீட்டர் ஆழம் வரை துளைத்து மண் எடுக்கும். அதில் இருக்கும் மோமா என்ற கருவி அமினோ அமிலத்தின் இடது வலது வடிவங்களைப் பிரித்து அளக்கும். சரிபாதியாக இருந்தால் உயிரற்ற வேதியியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அல்லது உயிர் இருந்து மிகப் பழையதாகிப் பக்கம் கலந்துபோயிருக்கலாம். இடது சற்று மிகுந்திருந்தால் மர்ச்சிசன் போன்ற விண்கல்லின் தூசியா, பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போனதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பல அமிலங்களில் ஒரே சீராக வலது மிகுந்து கிடைத்தால், அதை நம் வீட்டு மாசு என்று ஒதுக்க முடியாது. நம்மோடு வேர் பகிராத இன்னோர் உயிரின் தடமாக அது இருக்கக்கூடும்.